வரிசையும் வாசலும்

(திருக்கோஷ்டியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் வீட்டில் கோட்டா கல் இருக்கும். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், வெறுங்காலோடு நடந்தால் சில்லென்று இருக்கும். ஆத்தங்குடிக் கல்லுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களிடம் கொத்தனார், "கோட்டா போட்டுடலாமா?" என்று கேட்பார். ராஜஸ்தானில் கோட்டா மாவட்டத்து ராம்கஞ்ச் மண்டி வட்டாரத்தில் வெட்டி, லாரியில் இவ்வளவு தூரம் வருகிற கல் அது. முன்பெல்லாம் கோட்டா என்றால் நமக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். இப்போது பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐ.ஐ.டி.க்கும் நீட்டுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஊர். இன்றைய தலைப்பு அந்த ஊரும் நம் காரைக்குடிச் சீமையும். என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் பழைய மாளிகைகளுக்குப் பேர் போன இடங்கள். இரண்டும் பிழைப்பு முறிந்து எழுந்த இடங்கள். முறிந்த பிறகு எழுந்த விதம்தான் வேறு. நான் பேச வந்தது அந்த வேறுபாட்டைப் பற்றி.

முதலில் கோட்டா. சம்பல் ஆற்றங்கரை ஊர். பூந்தி அரசிலிருந்து பிரிந்து 1631-இல், ஷாஜகான் காலத்தில், ஹாடா ராஜபுத்திரர்களின் தனி அரசாயிற்று. ஆற்றோரம் பெரிய கோட்டை அரண்மனை, நகருக்கு நடுவே கிஷோர் சாகர் ஏரி, பழைய தெருக்களுக்குள் சுவரோவியம் நிறைந்த ஹவேலிகள். கோட்டா ஓவியப் பள்ளி வேட்டைக் காட்சிகளுக்குப் புகழ்பெற்றது. காட்டுக்குள் புலி பாய்கிற அந்தப் படங்களை உலக அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன. கோட்டா டோரியா சேலையைப் பற்றி இங்குள்ள ஆச்சிமார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சம்பலில் அணைகள் கட்டினார்கள், மின்சாரம் வந்தது, ஆலைகள் வந்தன. ஜே.கே. சிந்தெடிக்ஸ் என்ற செயற்கை இழை ஆலை அவற்றில் பெரியது. ஊரே அந்த ஆலைச் சங்கின் சத்தத்தில்தான் எழுந்தது.

அந்த ஆலையில் பன்சால் என்று ஒரு பொறியாளர். வி.கே. பன்சால், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இளம் வயதிலேயே தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் கண்டது. பின்னாளில் சக்கர நாற்காலியில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்ததும், உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை எது என்று யோசித்திருக்கிறார். எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்த பையன்கள் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறினார்கள். 1991-இல் முறையாகப் பன்சால் வகுப்புகளைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1988-இல், ஆலன் என்ற இன்னொரு மையமும் அதே ஊரில் முளைத்திருந்தது. 1997-இல் ஜே.கே. சிந்தெடிக்ஸ் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். வேலை போன வீடுகளில் ஒரு அறை, இரண்டு அறை வாடகைக்கு விடப்பட்டது. அடுக்களை மெஸ் ஆயிற்று. படித்த பொறியாளர்களில் சிலர் வாத்தியார் ஆனார்கள். இருபது வருடத்துக்குள் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற ஊராக அது மாறிவிட்டது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் நிலத்தை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பையன் தனியாக ஒரு அறையில், ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் தனிம அட்டவணை.

அங்கே படிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாரத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு. தேர்வில் எடுத்த மதிப்பெண்படி பிள்ளைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கிறார்கள். நல்ல வாத்தியார்கள் மேல் தொகுதிக்கு. மதிப்பெண் குறைந்தால் கீழ்த் தொகுதிக்கு இறக்கம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற நண்பன் மேலே போனால், அந்த இடம் நமக்குப் போயிற்று என்று அர்த்தம். பள்ளிக்கூடம்? அது பேருக்கு. சொந்த ஊரிலோ கோட்டாவிலோ ஒரு பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, வகுப்புக்குப் போகாமல் பயிற்சி மையத்திலேயே இருப்பார்கள். 'டம்மி ஸ்கூல்' என்று அவர்களே கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். தாய்மொழிப் பாடம், வரலாறு, விளையாட்டு, மேடை நாடகம், காதலிக்கிற வயதில் ஒரு அசட்டுக் கவிதை எழுதுவது எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் காணாமல் போகின்றன. முடிவு வந்த மறுநாள் முதல் பத்து இடம் வாங்கியவர்களின் முகம் ஆளுயரப் பலகைகளில் ஊர் முழுக்க நிற்கும். மற்ற ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்ன ஆனார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

2023-இல் ஒரே ஆண்டில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மாவட்ட நிர்வாகம் அந்த ஆகஸ்டில் ஒரு உத்தரவு போட்டது: விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த வேண்டும். உயிர் காக்க நினைத்த அதிகாரியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாராந்திரத் தேர்வை நிரந்தரமாக நிறுத்த முடியாமல், தொகுதிப் பிரிப்பை மாற்ற முடியாமல், மின்விசிறியைத்தான் மாற்ற முடிந்தது என்றால், அந்த ஊரை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம், பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு கோட்டாவுக்கு வரும் கூட்டமும் நன்றாகக் குறைந்தது. இணையவழி வகுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் கிளை வந்துவிட்டது. வங்கிக் கடனில் மாடிமேல் மாடியாக விடுதி கட்டியவர்கள் இன்று வாடகைக்கு ஆள் தேடுகிறார்கள். ஆலை மூடியதும் எழுந்த ஊருக்கு, இருபத்தைந்து வருடத்தில் இரண்டாவது அடி.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

செட்டிநாட்டு வீட்டை வெளியூர்க்காரர்கள் பார்க்கிற விதம் ஒன்று இருக்கிறது. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு என்று வழிகாட்டி ஒப்பிப்பார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு கானாடுகாத்தானில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நாம் பார்க்கிற விதம் வேறு. முகப்பு ஆண்களுக்கும் வந்தவர்களுக்கும்; வளவு குடும்பத்துக்கு; வளவைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அறை; கல்யாணமான மகன் தனிப் புள்ளி, அவனுக்குத் தனி அடுப்பு. ஒரே கூரைக்குக் கீழ் ஏழு கணக்கு நடந்த வீடு அது. தெருவுக்குத் தெரு நீளும் இந்த வீடுகளுக்காகவே 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின.

இந்த வீடுகளைக் கட்டிய பணத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சி முறை இருந்தது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் ஆதங்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்து முடித்திருப்பான். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு. காகிதம் இல்லாமல் இவற்றைக் கூட்டி, பெருக்கி, வட்டி சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் கணக்கு நடத்தியவன். கால்குலேட்டரைப் பிடுங்கிக்கொண்டு இதைக் கேட்டால் என் மாணவர்களில் பாதிப் பேர், நானும் சேர்த்து, திணறுவோம். பிறகு அவனைக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, அனுப்புவார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஒரு கிட்டங்கி. நீண்ட கூடம், ஒவ்வொரு மார்க்காவுக்கும் (வணிகப் பெயருக்கும்) ஒரு பெட்டி, ஒரு பாய். அங்கே அவன் பெட்டியடிப் பையன். கடை திறப்பான், கூட்டுவான், தண்ணீர் எடுப்பான், பெரியவர்கள் பேரம் பேசும்போது பக்கத்தில் இருந்து காது கொடுப்பான். இரவில் பேரேடு எழுதப் பழகுவான். அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள். மேலாள் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போவார். கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை நேர்படவேண்டும். அதுதான் தேர்வு. மூன்று மணி நேரத் தேர்வு கிடையாது. மூன்று வருடத் தேர்வு.

இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. அந்தப் பெட்டியடி ஒரு சமூகத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். இந்த வீடுகளை மெழுகியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெண்பிள்ளை வளவைத் தாண்டவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முப்பதுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது கடன்பட்ட பர்மா விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நிலம் கேட்டு வாங்கியதல்ல, வராத கடனுக்கு வந்தது என்று நம்மவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மை. நிலத்தை இழந்த விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பியவர்களின் கையில் சாவிக்கொத்து மட்டும் இருந்தது. போர் முடிந்து பர்மா விடுதலை பெற்றதும் நிலச் சட்டங்கள் வந்தன, மிச்சமும் போயிற்று. கோட்டாவுக்கு 1997 எப்படியோ நமக்கு 1942 அப்படி.

அப்போது ஒருவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, விமானம் ஓட்டும் உரிமம், கேரளத்தில் ஜவுளி ஆலை. உடலை நோய் அரித்துக்கொண்டிருந்தது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதி படைத்தவர்கள் வெளியூர்களில் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பேசுகிறார். கூட்டத்திலிருந்து அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அறிவிக்கிறார். அடுத்த மாதமே, சுதந்திர நாளுக்குச் சில நாள் முன்பு, காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்க ஆரம்பித்துவிட்டது. கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருக்கிற வீட்டில் பெஞ்சைப் போட்டார்கள். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு தேசிய நிறுவனம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 'சிக்ரி' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் கடந்து போகிற நிறுவனம் அது. பொறியியல் கல்லூரி 1952-இல். ஆசிரியர் பயிற்சி, உடற்பயிற்சி, பாலிடெக்னிக், மழலையர் பள்ளி என்று வரிசையாக வந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்றபோது தான் குடியிருந்த மாளிகையையே கொடுத்தார். நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1957 ஏப்ரல் 5-இல் காலமானார். அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அவருக்கு முன்னோடி கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தில் 1929-இல் பல்கலைக்கழகம் கண்டவர்.

பன்சாலையும் அழகப்பரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரைத் தாழ்த்துவது நியாயமில்லை. இருவரும் கூர்மையான மூளையும் ஒத்துழைக்காத உடம்பும் வாய்த்தவர்கள். பன்சால் தன் மேசைக்கு வந்த பிள்ளைக்கு மனதாரக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிற்காலத்து விளம்பரப் பலகைகளுக்கெல்லாம் அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் இரண்டு ஊர்களும் செய்த காரியம் வேறு வேறு. கோட்டா, வரிசையில் முந்திப்போகக் கற்றுக்கொடுத்தது. காரைக்குடி, உள்ளே போகிற வாசலைக் கூட்டியது. நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான், மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்கைப் பாருங்கள். 2024-இல் நீட் எழுதப் பதிந்தவர்கள் சுமார் 24 லட்சம். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஐ.ஐ.டி.கள் எல்லாவற்றிலும் சேர்த்து அந்த ஆண்டு பதினேழாயிரத்துச் சொச்சம். 24 லட்சம் பேருக்கும் உலகத்திலேயே சிறந்த பயிற்சியைக் கொடுத்தாலும் இடம் ஒன்றுகூட அதிகமாகாது. யார் உள்ளே போகிறார்கள் என்பது மாறலாம், எத்தனை பேர் என்பது மாறாது. கட்ஆஃப் மட்டும் உயரும். ஒருவர் ஒரு லட்சம் செலவழித்தால் அடுத்தவர் இரண்டு லட்சம் செலவழிக்க வேண்டும். ஒருவர் ஒரு வருடம் திரும்ப எழுதினால் அடுத்தவர் இரண்டு வருடம். தமிழ்நாட்டில் நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் காட்டியதும் இதைத்தான்: நம் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஏற்கெனவே ஒருமுறையாவது தேர்வெழுதித் திரும்ப எழுதியவர்கள். திரும்ப எழுத ஒரு வருடத்தை யாரால் ஒதுக்க முடியும்? வீட்டில் சோறு இருக்கிறவரால்.

கோட்டாவைப் பார்த்து நாம் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டியதில்லை. நுழைவுத் தேர்வுக்கு முன்பே, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளைகளை விடுதியில் போட்டு அடைத்தவர்கள் நாம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைக் கொண்டாடினோம். அந்த வட்டாரம் கோழிப்பண்ணைக்குப் பேர் போனது. 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தது நம் மக்களின் குசும்பு. பெயர் வைத்துவிட்டு அங்கேயேதான் பணமும் கட்டினோம்.

காரைக்குடியும் இப்போது பயிற்சி ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிய பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். தேவகோட்டை, கல்லல், திருமயம், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து தோளில் பையோடு இறங்குகிற இளைஞர்களில் பெரும்பாலோர் டி.என்.பி.எஸ்.சி.க்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிறவர்கள். 2023-இல் நில அளவர், வரைவாளர் தேர்வு முடிவு வந்தபோது, காரைக்குடி மையத்தில் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில் தேறியதாகச் செய்தி வந்து சட்டமன்றம் வரை பேசப்பட்டது. அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி தரும் இடம் இங்கே இருக்கிறது, பல மாவட்டத்தார் வந்து தங்கிப் படித்து இங்கேயே எழுதினார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: நம் ஊருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்க வருகிறார்கள். 2022 குரூப் நான்கு தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். எந்தப் பயிற்சி மையமும் அந்த 7,301-ஐக் கூட்டித் தரவில்லை. அரசு பிறகு கூட்டியது.

இந்த ஊரில் நின்று பேசுகிறவன் உடையவர் இராமானுசர் கதையைத் தொடாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருளைப் பெற்று, யாருக்கும் சொல்லாதே என்ற கட்டளையை மீறிக் கோயிலில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைச் செய்தி. இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் நோட்டீசில் இந்தக் கதையைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் இராமானுசர் கொடுத்த பொருளை ஆயிரம் பேர் கேட்டாலும் முதலில் கேட்டவருக்குப் பங்கு குறையாது. தரவரிசை அப்படிப்பட்ட பொருள் இல்லை. என் எண் ஏறினால் உங்கள் எண் இறங்கும். ஆகவே பயிற்சியை இலவசமாக்குவது உடையவர் செய்ததில் பாதிதான். வைகுந்தத்தில் இடம் இத்தனைதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரியில் சொல்கிறார்கள்.

பாதி என்றாலும் அந்தப் பாதி வேண்டும். பணம் இருக்கிறவன் மட்டும் முந்துவதை அது கொஞ்சம் தடுக்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று பல வருடமாக இலவசமாக நடக்கிறது. இந்த அவையில் எத்தனை பெற்றோருக்கு அது தெரியும்? மற்றப் பாதி வாசலைக் கூட்டுவது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணும்படி இருந்த அவர்களின் எண்ணிக்கை, பல் மருத்துவத்தையும் சேர்த்து ஏறக்குறைய நானூறு ஆயிற்று. அந்தப் பிள்ளைகளின் மூளை ஒரே வருடத்தில் வளர்ந்துவிடவில்லை. சிவகங்கையில் 2012-இல் அரசு மருத்துவக் கல்லூரி நூறு இடங்களோடு திறந்தது; வருடத்துக்கு நூறு டாக்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அழகப்பர் செய்தது இந்த வகைக் காரியம். இன்று அதை அரசிடம் கேட்கவேண்டும், உரக்கக் கேட்கவேண்டும், ஊர்ச் சாலையும் குடிநீரும் கேட்கிற அதே குரலில்.

நம் கையில் இருப்பது என்ன? பூட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, முப்பது பங்காளி. ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் டல்லஸ். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள், திரும்பப் பூட்டுவார்கள். விற்கவும் முடியாது, கட்டிக் காக்கவும் முடியாது. ஓட்டில் அரசமரம் முளைக்கும். பிறகு ஒரு நாள் ஒப்புதல் வாங்கி இடித்து, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வரும். அங்கிருந்து ஏதோ ஓர் உல்லாச ஓட்டலுக்குப் போகும். சில வீடுகள் தங்கும் விடுதியாகிப் பிழைத்திருக்கின்றன, நல்லது. எல்லா வீடும் ஓட்டலாக முடியாது, அவ்வளவு சுற்றுலாப் பயணிகள் இல்லை.

வீட்டை வேறு விதமாகப் பயன்படுத்தியவர் ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. பழைய நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் விடாமல் சேர்த்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். சொந்த வாழ்நாளையும் கைப்பணத்தையும் அதில் போட்டார். எங்கிருந்தெல்லாமோ ஆய்வாளர்கள் கோட்டையூர் வந்து, அவர் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். 1992-இல் அவர் மறைந்ததும் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிக் காப்பாற்றியது. சென்னையில் இன்று ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. ஊரை விட்டுப் போனதால்தான் அது பிழைத்தது என்பது என் கருத்து. நாம் வருத்தப்படலாம், கோபப்பட உரிமை இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இங்கே திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, கண்டனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற நகரத்தார் பலர் இருக்கிறீர்கள். முழு வீட்டையும் கேட்கவில்லை; பங்கு பிரச்சினை எனக்குத் தெரியும். முகப்பும் அதை ஒட்டிய கூடமும் மட்டும். வளவுக் கதவு பூட்டியே இருக்கட்டும், சாவி உங்களிடமே இருக்கட்டும். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூட ஒரு ஆள், நான்கு மேசை, நல்ல விளக்கு, மின்விசிறி, குடிதண்ணீர், பெண்பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிப்பறை. பாடம் நடத்தப் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வருவோம். சம்பளம் வேண்டாம், காபி போதும். சாதி கேட்காமல், ஊர் கேட்காமல் யார் வந்தாலும் உட்கார விடவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சுவரில் யாருடைய தரவரிசையையும் ஒட்டக் கூடாது என்பது இன்னொன்று. 1947-இல் காந்தி மாளிகையில் பெஞ்சைப் போட்டு ஒரு கல்லூரியையே தொடங்கினார்கள். நான் கேட்பது படிப்பகம்தான்.

அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவீர்கள். அன்று இலை போடுவதற்கு முன்னால் இதைப் பேச்சில் எடுங்கள். மூன்று வீடு கிடைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கவலை வேண்டாம், அதை நாங்கள் ஊரில் வசூலித்துக் கட்டுகிறோம்.